வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போது ஊசிக்கும் ஒரு நாள் குறியுங்கள்

போன வாரம் தங்கை போன் செய்தாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். "அக்கா, இன்னிக்கு ஒரு ஊசி போட்டாங்க, கையைத் தூக்கவே முடியல" என்றாள். என்ன ஊசி என்று கேட்டேன். "மாசமா இருக்கறவங்களுக்குப் போடுவாங்கல்ல, அந்த ஊசிதான்" என்றாள். படித்த பெண், வங்கியில் வேலை பார்க்கிறவள், கடையில் ஒரு பேஸ்ட் வாங்கினால்கூட என்ன பேர், என்ன தேதி என்று பார்த்து வாங்குபவள், தன் கையில் ஏறிய மருந்தின் பெயரை மட்டும் கேட்காமல் வந்திருக்கிறாள்.

அவளைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. என் முதல் பிரசவத்தில் நானும் அதே கதைதான். புகுந்த வீட்டு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஃபைலில் "ஊசி போடப்பட்டது" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு தேதி, அவ்வளவுதான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபிறகு, அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா "முதல் ஊசி எப்போம்மா, ரெண்டாவது எப்போ?" என்று கேட்டார். நான் முழித்தேன். ஃபைல் புகுந்த வீட்டு பீரோவில். அத்தைக்குப் போன் செய்தால் அவர் ஃபைலை எடுத்துவிட்டார், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவராலும் படிக்க முடியவில்லை, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனாலும் முடியவில்லை. கடைசியில் எனக்கு முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். ஒரு ஊசி கூடுதலாகப் போனதில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, இரண்டு நாள் கை வீங்கிக் கிடந்தது, அதோடு சரி. ஆனால் எந்த மாதத்தில் போட வேண்டியதோ அந்த மாதத்தில் போட வேண்டிய இன்னொரு ஊசி இந்தக் குழப்பத்தில் விட்டே போனது. அது தெரிந்ததே பிள்ளை பிறந்து நாலு மாதம் கழித்துத்தான்.

அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். உங்கள் உடம்புக்கு எது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பது நமக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லா ஊசியும் தடுப்பூசி இல்லை

கர்ப்ப காலத்தில் பலவிதமான ஊசி போடுவார்கள். ரத்தம் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து ஏற்றுவார்கள். உங்களுக்கு நெகட்டிவ் ரத்த வகை, கணவருக்கு பாசிட்டிவ் என்றால் இரண்டு ரத்தமும் ஒத்துப்போகாமல் பிள்ளைக்குப் பாதிப்பு வராமலிருக்க 28 வாரத்தை ஒட்டி ஆன்டி-டி என்று ஒன்று போடுவார்கள், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. பிரசவம் முன்கூட்டியே ஆகிவிடும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி. இவை எல்லாம் தேவையான ஊசிதான், ஆனால் எதுவும் தடுப்பூசி இல்லை. "எனக்குத்தான் ஏழாம் மாசம் ஊசி போட்டாச்சே" என்று சொல்கிறவரைத் துருவிக் கேட்டால் அது ஆன்டி-டியாக இருக்கும். ஆக, ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு முறையும் மூன்று கேள்வி: இதன் பேர் என்ன, எதுக்கு, அடுத்தது எப்போது. பதிலை அங்கேயே, எழுந்து வருவதற்கு முன்பே, தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கூட்டமாக இருந்தால் செல்போனில் குப்பியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

முதலில் டி.டி.

நம் அம்மாக்கள் காலத்திலிருந்து வரும் ஊசி இது. முன்பு ரண ஜன்னி என்கிற டெட்டனஸுக்கு மட்டும் இருந்தது. 2019 வாக்கில் அரசுத் திட்டத்தில் அதை மாற்றி, டெட்டனஸோடு தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகக் கொடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் தமிழில் எழுதினால் பழையதும் டி.டி., புதியதும் டி.டி.தான். அதனால் பேர் மாறியதே நம் ஆட்களுக்குத் தெரியாது. ஒன்றும் நஷ்டமில்லை. பழைய அட்டையில் டெட்டனஸ் ஊசி என்று இருந்தாலும் கணக்கில் சேரும்.

இதை எதற்குப் போடுகிறார்கள் என்று கேட்டால் "துரு ஆணி குத்தினா போடுவாங்களே அதுதான்" என்பார்கள். அது பாதிதான் சரி. இந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடப்பது. அந்தக் காலத்தில் வீட்டில் பிரசவம் பார்க்கும்போது கண்ட பிளேடால் தொப்புள்கொடியை அறுத்து, அதன்மேல் சாம்பலோ சாணமோ வைப்பார்கள். கிருமி அந்த வழியாக உள்ளே போகும். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை திடீரென்று வாய் திறக்காது, தாடை இறுகிவிடும், தொட்டாலோ வெளிச்சம் பட்டாலோ உடம்பு வில்லாக வளையும். வந்துவிட்டால் பிழைப்பது அரிது. பேய் அடித்தது, தோஷம் என்றெல்லாம் சொல்லிப் புதைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் இதில் போனார்களோ. 1988ல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 7,87,000 பச்சைக் குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2018ல் அது 25,000 அளவுக்கு இறங்கிவிட்டது.

தாய்க்கு ஊசி போட்டால் பிள்ளைக்கு வராது என்பதை முதலில் களத்தில் காட்டியவர்கள் நியூ கினியாவில் வேலை பார்த்த மருத்துவர்கள், 1961ல் அதை வெளியிட்டார்கள். தாயின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது, பிறக்கும்போதே அதைச் சீதனம் போலக் கொண்டுவருகிறது. இந்தியாவில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே இந்த நோய் இறங்கிவிட்டது என்று 2015ல் உறுதி செய்தார்கள். அதில் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் பங்குண்டு, இந்த ஊசிக்கும் பங்குண்டு. ஆனால் மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது. பெரியம்மை போல ஒழித்துவிட்டு மறந்துவிடக்கூடிய நோய் இல்லை இது.

கணக்கு சுலபம். கர்ப்பம் என்று தெரிந்து பதிவு செய்த உடனே, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அப்போது முதல் ஊசி. அதிலிருந்து நாலு வாரம் கழித்து இரண்டாவது. போன பிரசவத்தில் இரண்டும் போட்டு இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை என்றால் இந்தத் தடவை ஒரே ஒரு பூஸ்டர் போதும். 36 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, ஆனால் அதைத் தாண்டிவிட்டாலும் "இனிமே எதுக்கு" என்று விடக் கூடாது, அப்போதும் போடுவார்கள். சமையலறையில் கத்தி பட்டோ வண்டியில் விழுந்தோ இடையில் யாராவது டெட்டனஸ் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியாரில் காட்டுகிறவர்களும் அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். எப்படியும் கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி எண் வாங்க கிராம சுகாதார செவிலியரைப் பார்க்கத்தான் வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அது வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். அந்த வேலையோடு வேலையாக இதையும் முடித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை பிள்ளைகளுக்கு. உங்கள் ஊரில் எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள்.

எனக்கு விட்டுப்போன ஊசி

கக்குவான் இருமல் என்றால் பெரியவர்களுக்கு நூறு நாள் இருமல், எரிச்சல், அவ்வளவுதான். இரண்டு மாதப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி. பல நேரம் அந்தப் பிள்ளை இருமாது. மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலமாகும். நமக்கெல்லாம் தெரிந்த அந்த "கக்" என்ற சத்தமே வராமல் போகலாம், அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

பிள்ளைக்கு இதற்கு ஊசி இல்லையா என்றால், இருக்கிறது. 45 நாள் ஊசி என்று சொல்கிறோமே, ஆறாவது வாரம் போடும் பென்டாவேலன்ட், அதில் கக்குவானும் உண்டு. ஆனால் ஒரு ஊசியில் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது, 10வது வாரமும் 14வது வாரமும் போட்டால்தான் வலு வரும். பிறந்ததிலிருந்து அதுவரை இருக்கும் அந்த இடைவெளிதான் பிரச்சினை. நோய் கடுமையாக வருவதும் அந்த வயதில்தான். இந்த இடைவெளியை அடைக்க ஒரே வழி, வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வாங்கி வருவது.

இங்கிலாந்தில் 2012ல் கக்குவான் திடீரென்று பரவியது. அந்த ஒரு வருடத்தில் 14 கைக்குழந்தைகள் இறந்தார்கள். அக்டோபரிலிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட ஆரம்பித்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, ஊசி போட்ட தாய்மாரின் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் அது சுமார் 91 சதவீதம் வேலை செய்திருந்தது. பத்துப் பிள்ளையில் ஒன்பது பிள்ளைக்கு நோயைத் தடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊசிக்கு டிடாப் என்று பெயர். டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றும் ஒன்றாக. கடையில் பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற பெயர்களில் கிடைக்கும். அரசு அட்டவணையில் கர்ப்பிணிக்கு இருப்பது டி.டி. மட்டும்தான், டிடாப் கிடையாது, தனியாரில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகும். இந்திய மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்ஸி இதைப் பரிந்துரைக்கிறது, எனவே மருத்துவர்களுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. ஆனால் எல்லோரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் மறந்திருக்கலாம், செலவு என்று தயங்கியிருக்கலாம். நீங்கள்தான் கேட்க வேண்டும். வழக்கமாக டி.டி. முதல் ஊசியைப் போட்டுவிட்டு, இரண்டாவதுக்குப் பதிலாக டிடாப் போட்டுவிடுவார்கள், தனியாக மூன்றாவது குத்து வேண்டியதில்லை. அந்தப் பணம் இப்போது முடியாது என்றால் மனதைப் போட்டுக் குழப்ப வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் டி.டி. இரண்டையும் ஒழுங்காக முடித்தாலே பிள்ளைக்கு ரண ஜன்னி பயம் இல்லை.

எப்போது போடுவது என்பதில்தான் நம் வழக்கம் குறுக்கே வருகிறது. டிடாப்புக்கு நல்ல காலம் 27லிருந்து 36 வாரம் வரை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எதிர்ப்புப் பொருள் அதிகம் போவது கடைசி மூன்று மாதத்தில். போட்ட பிறகு உடம்பு அதைத் தயாரிக்கவும் குறைந்தது இரண்டு வாரம் ஆகும். நம் ஊரில் அந்த 27வது வாரம் எப்போது வருகிறது? ஏழாம் மாதம். வளைகாப்பு வருவதும் அப்போதுதான். வளையல் கடை, ஏழு வகைச் சாதம், பந்தி, மண்டபம் என்று இரண்டு குடும்பமும் ஓடிக்கொண்டிருக்கும். விழா முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பழைய மருத்துவர் "இனி அங்கே பாத்துக்குவாங்க" என்று நினைப்பார், புது மருத்துவர் "இதெல்லாம் அங்கேயே முடிச்சிருப்பாங்க" என்று நினைப்பார். எனக்கு ஊசி விட்டுப்போனது இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான்.

ஆகவே மாதக் கணக்கை விடுங்கள், வாரக் கணக்குக்கு வாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி போட்டிருக்கும். அதிலிருந்து 13 வாரம் பின்னால் போங்கள், அங்கே ஆரம்பம். 4 வாரம் பின்னால் போங்கள், அங்கே முடிவு. உதாரணத்துக்கு, பிரசவத் தேதி அக்டோபர் 8 என்றால் ஜூலை 9லிருந்து செப்டம்பர் 10 வரை. இதில் ஆடி மாதம் முழுசும் வருகிறது, "ஆடியில எதுக்கு, ஆவணி பொறக்கட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், வளைகாப்பைத் தள்ளிக்கொள்ளுங்கள், ஊசியைத் தள்ளாதீர்கள். சிலருக்குக் குறை மாதத்தில் பிரசவம் ஆகிவிடும், கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டால் பலன் கிடைக்காது. நான் தங்கைக்குச் சொன்னது, வளைகாப்புக்கு முந்தைய வாரம் போட்டுவிடு, கை வலி குறைந்த பிறகு வளையல் அடுக்கிக்கொள்ளலாம்.

போன பிரசவத்தில் டிடாப் போட்டேனே, மறுபடியுமா என்றால், ஆமாம், ஒவ்வொரு கர்ப்பத்துக்கும். உங்களைக் காப்பாற்ற இல்லை, பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப. வருடம் ஆக ஆக நம் ரத்தத்தில் இருப்பு குறைந்துவிடும், வெறும் பாத்திரத்திலிருந்து பிள்ளைக்கு எதை ஊற்றுவது.

காய்ச்சல் ஊசி, மற்றவை

ப்ளூ காய்ச்சல் ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்பத்தில் ப்ளூ வந்தால் சாதாரண சளிக் காய்ச்சல் போலப் போகாமல் நெஞ்சில் இறங்கிவிடும் அபாயம் அதிகம். 2009ல் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவில் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர்தான் கர்ப்பிணி, ஆனால் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். இன்னொன்று, ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு ப்ளூ ஊசி போட முடியாது, அதற்கும் அம்மா போட்டுக்கொண்டதுதான் துணை. கிருமி வருடா வருடம் உரு மாறுவதால் ஊசியும் வருடா வருடம் புதிது, போன வருடம் போட்டது கணக்கில் வராது. கைத்தசையில் போடும் ஊசிதான் உங்களுக்கு. மூக்கில் விடும் சொட்டு வகை ஒன்று உண்டு, அது உயிருள்ள கிருமி, கர்ப்பத்தில் வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்பு போட்டுக்கொண்டால் நல்லது.

கோவிட் ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்று இந்தியாவில் 2021 ஜூலையில் அனுமதித்தார்கள். இப்போது தேவையா என்பது உங்கள் உடல்நிலையைப் பொறுத்தது, மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஆர்.எஸ்.வி. என்று கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளியைக் கொண்டுவரும் ஒரு வைரஸ் இருக்கிறது. அதற்குக் கர்ப்பிணிக்குப் போடும் ஊசியை 2023ல் அமெரிக்காவிலும் 2024ல் இங்கிலாந்திலும் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் பிரசவம் பார்க்கும் நம் பெண்கள் அங்கே இதைப் பற்றிக் கேட்கலாம்.

மஞ்சள் காமாலை பி வகைக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அந்த முடிவைப் பத்திரமாக வையுங்கள். பாசிட்டிவ் என்றால் பயந்து மறைக்க வேண்டாம். பிள்ளை பிறந்த உடனே தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் போட்டால் பிள்ளைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மறைத்தால்தான் ஆபத்து.

கல்யாணத்துக்கு முன்பே முடிக்க வேண்டியது

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகளைக் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி, அதோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி எல்லாம் இதில் வரும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, ஆனாலும் அதைப் பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளிவைப்பார்கள்.

ரூபெல்லாவை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, லேசான காய்ச்சல், நாலு தடிப்பு, மூன்றே நாளில் போய்விடும். அதே காய்ச்சல் முதல் மூன்று மாதத்தில் கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், அல்லது பிள்ளை கண்ணில் புரையோடும், காது கேட்காமலும், இதயத்தில் ஓட்டையோடும் பிறக்கலாம். 1941ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், தன்னிடம் வந்த பச்சைக் குழந்தைகளில் இத்தனை பேருக்குக் கண்புரை ஏன் என்று யோசித்து, தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இந்தக் காய்ச்சல் வந்திருந்ததைக் கண்டுபிடித்தார்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயது வரை போட்டார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி வந்து, ஊசி போடும் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் உண்டு. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருந்த எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், மாப்பிள்ளை பார்க்கும்போதே ஒரு எட்டு மருத்துவரிடம் போய்க் கேட்டு ஊசியை முடித்துவிடுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பம் என்றே தெரியாமல் போட்டுவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை, மருத்துவரிடம் சொன்னால் போதும். ஏற்கனவே கர்ப்பமாகிவிட்டீர்கள், ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு இல்லை என்று பரிசோதனையில் வந்தால், பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடை இல்லை.

நாய் கடித்தால்

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை நாய் கடித்தது. "வயித்துல புள்ள இருக்கு, இந்த ஊசி எல்லாம் சூடு" என்று சொல்லி, வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டார்கள். மறுநாள் நர்சம்மா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டு அழைத்துப் போனார். வெறிநாய்க் கடிக்கு ஊசி போடக் கர்ப்பம் ஒரு தடையே இல்லை. நோய் வெளிப்பட்டுவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளம்புங்கள். அவர்கள் சொல்லும் எல்லாத் தேதிக்கும் போக வேண்டும், காயம் ஆறிவிட்டது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்தக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள், அதையும் மறுக்க வேண்டாம்.

ஊசி போடும் நாளில்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மேல் கையில் போடும் ஊசி இது. கை இறுக்கமான ரவிக்கை போட்டுக்கொண்டு போய், அங்கே ஹூக்கை அவிழ்த்துத் தோளை வெளியே எடுக்கப் படாத பாடு படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தளர்வான சுடிதார் நல்லது. எந்தக் கையால் வேலை செய்வீர்களோ அதற்கு எதிர்க் கையில் போடச் சொல்லுங்கள். ஒரே நாளில் ப்ளூ ஊசியும் டிடாப்பும் போடலாம், ஊசிக்கு ஒரு கை.

அரசு நிலையத்தில் வரும் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது என்று பொருள், சூடு பட்டுப் பட்டுச் சதுரம் கருத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அதைப் போடக் கூடாது. கேட்டால் காட்டுவார்கள். எங்கள் நர்சம்மா நான் கேட்டதும் சிரித்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியைத் திருப்பிக் காட்டினார். தனியார் மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே மருந்துக் கடையில் வாங்கி வரச் சொன்னால், கடைக்காரரிடம் ஐஸ் பை வைத்துக் கேட்டு வாங்குங்கள், நேராக மருத்துவமனைக்கு வாருங்கள், வழியில் காய்கறி வாங்க நிற்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. அதற்காக வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் அதுவும் போச்சு. உறைந்த டி.டி. ஊசி உதவாது.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். தலை சுற்றினால் இடது பக்கமாகப் படுத்துக்கொள்ளலாம். கை வலி, வீக்கம், லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கும், அது ஊசி வேலை செய்கிற அறிகுறி. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் நீவ வேண்டாம், ஈரத்துணி வைத்தால் போதும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் எடுக்கலாம். வீட்டில் முட்டி வலிக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள், அது கர்ப்பத்துக்கு ஆகாது. குளிக்கலாம், மீன் சாப்பிடலாம், பத்தியம் ஒன்றும் இல்லை. மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குவது என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் 108. முன்பு எந்த ஊசிக்காவது அப்படி ஆகியிருந்தால் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நல்ல காய்ச்சல் அடித்தால் தள்ளிப்போடலாம், மூக்கு ஒழுகுவதற்கெல்லாம் தள்ள வேண்டியதில்லை.

வீட்டில் பெரியவர்கள் "எங்களுக்கெல்லாம் இத்தனை ஊசியா போட்டாங்க, நாங்க பெத்துக்கலையா" என்பார்கள். சண்டை போடாதீர்கள். எங்கள் அத்தையிடம் நான் கேட்டது ஒன்றுதான், உங்களுக்குப் பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை. அவர் ஏழு என்றார், நாலு என்றார், அப்புறம் அவரே ஆட்டோ பிடித்து என்னோடு வந்தார். கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போதும் சில நேரம் தோன்றும்.

தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது

நகைப் பெட்டியைவிட முக்கியம் தாய் சேய் நல அட்டை. அதன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து உங்களுக்கும் கணவருக்கும் அம்மாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போய் இறங்கிய வாரத்திலேயே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணைக் காட்டிவிடுங்கள். தனியாரில் போட்ட ஊசியையும் பெயர், தேதியோடு அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் போகிற பாட்டி, தாத்தா, மாமா யாருக்காவது விடாத இருமல் இருந்தால் முன்கூட்டியே காட்டிவிடச் சொல்லுங்கள், கக்குவான் பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் வீட்டு ஆட்களிடமிருந்துதான்.

பிரசவம் ஆனதும் அந்தக் கலகலப்பில் ஒரே ஒரு வேலையை யாராவது ஒருவரிடம் ஒப்படையுங்கள், உங்கள் அம்மாவோ கணவரோ. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி ஊசி, அதோடு காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மூன்றும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். தங்கைக்கு அந்த வேலை எனக்கு. அவள் வீட்டுத் தினசரி காலண்டரில் டிடாப்புக்கான தாளின் ஓரத்தை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு வியாழக்கிழமை, அவள் வங்கியில் அரை நாள் விடுப்பு போட வேண்டும்.